செப்டம்பர் 11 மீட்புப் பணியாளர் மருத்துவத் திட்டம்: சேர்க்கை, மேல்முறையீட்டுப் பணிக்குப் புதியவர்களுக்கு

நியூயார்க்கின் உலக வர்த்தக மைய மருத்துவத் திட்டத்தில் சேர வரும் மீட்புப் பணியாளர் முதலில் மெய்ப்பிக்க வேண்டியது தம் நோயை அன்று. எந்த இடத்தில், எந்த நாட்களில், எத்தனை மணி நேரம் பணியாற்றினார் என்பதையே. நோய் அதற்கு அடுத்த கட்டத்தில்தான் பேச்சுக்கு வருகிறது. தொழிற்சங்க அலுவலகத்திலோ சமூக மையத்திலோ மருத்துவமனையிலோ விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கப் புதிதாக அமர்த்தப்பட்டவர்கள் எளிதில் தவறுவது இங்கேதான். இருமிக்கொண்டே வந்து அமர்பவரைப் பார்த்ததும் மருத்துவ அறிக்கைகளைக் கேட்டு வாங்கிக் கட்டாக இணைத்து அனுப்பிவிடத் தோன்றும். பயங்கரவாதத் தாக்குதலில் வர்த்தக மையம் இடிந்து விழுந்த 2001 செப்டம்பரில் அவர் எங்கே நின்றார் என்பதற்கு அந்தக் கட்டில் ஒரு தாள்கூட இல்லாமல் போய்விடும்.

இந்தத் திட்டம் சட்டத்தின் வழி வந்தது. இடிபாடுகளில் பணியாற்றி, நுரையீரல் கெட்டு, 2006 ஜனவரியில் இறந்த நியூயார்க் காவல்துறைத் துப்பறிவாளர் ஜேம்ஸ் சட்ரோகாவின் பெயரைத் தாங்கிய அச்சட்டத்தில் 2011 ஜனவரி 2 அன்று குடியரசுத் தலைவர் ஒபாமா கையெழுத்திட்டார். அதே ஆண்டு ஜூலை 1 முதல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2015 டிசம்பரில் 2090 வரை நீட்டிக்கப்பட்டது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கீழ் இயங்கும் தேசியப் பணியிடப் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் இதை நடத்துகிறது. முதன்மையான நடைமுறை விதிகள் கூட்டரசு (அமெரிக்க மத்திய அரசு) விதித்தொகுப்பின் 42ஆம் தலைப்பு, 88ஆம் பகுதியில் உள்ளன. பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் பகுதியை ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுங்கள்; அலுவலகத்தில் வாய்மொழியாகப் புழங்கும் 'விதிகள்' சில அதில் எங்குமே இல்லை என்பது அப்போது தெரியவரும்.

எந்த வாசல் என்பதை முதலில் முடிவு செய்க

உறுப்பினர்கள் இரு பெரும் பிரிவினர். தேடுதல், மீட்பு, இடிபாடு அகற்றல், துப்புரவு, அவற்றுக்குத் துணையான பணிகள் ஆகியவற்றில் ஈடுபட்டோர் மீட்புப் பணியாளர்கள். அந்தப் பகுதியில் வசித்தோர், வேலை பார்த்தோர், படித்தோர், அன்று தூசிமேகத்தில் சிக்கியோர் பிழைத்தோர் எனப்படுவர். இரு பிரிவுக்கும் விண்ணப்பமும் தகுதியும் வேறு. சேர்ந்தபின் கிடைப்பதும் வேறு. மீட்புப் பணியாளருக்கு நோய் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. பிழைத்தோர் பிரிவில் அறிகுறி இருந்தால்தான் சேர்க்கை கிடைக்கும். அதுவும் முதலில் ஒரே ஒரு மருத்துவ மதிப்பீட்டுக்கு மட்டுமே. அந்த மதிப்பீட்டில், திட்டம் ஏற்கும் நோய்களின் பட்டியலிலுள்ள நோய் கண்டறியப்பட்டுச் சான்றளிக்கப்பட்ட பிறகே தொடர் பரிசோதனையும் சிகிச்சையும் கிடைக்கின்றன. ஆகவே ஒருவர் இரண்டு பிரிவிலும் பொருந்துவார் என்று தோன்றினால் மீட்புப் பணியாளர் பிரிவையே முதலில் ஆராய்ந்து பாருங்கள்.

எல்லைகளும் வேறு வேறு. மீட்புப் பணியாளர் விதிகளில் 'கீழ் மன்ஹாட்டன்' என்பது கனால் தெருவுக்குத் தெற்கே உள்ள பகுதி. அதனுடன் ஸ்டேட்டன் தீவின் குப்பைமேடும், இடிபாடுகளைத் தோணிகளில் ஏற்றிய துறைகளும் சேரும். பிழைத்தோருக்கோ எல்லைக்கோடு சற்று வடக்கே, ஹூஸ்டன் தெருவில் இருக்கிறது. வர்த்தக மைய இடத்திலிருந்து ஒன்றரை மைல் வட்டத்துக்குள் முழுமையாகவோ ஓரளவோ அடங்கும் புரூக்ளின் தெருப்பகுதிகளும் அதில் அடக்கம். கனாலுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையே வாரக்கணக்கில் பணியாற்றியவர் மீட்புப் பணியாளர் வாசலில் திருப்பி அனுப்பப்படலாம். அதே மனிதர் பிழைத்தோர் வாசலில் தகுதி பெறலாம். ஆகவே விண்ணப்பதாரர் சொல்லும் தெருப்பெயரை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தபின் படிவத்தை எடுங்கள்.

மணிக்கணக்கு

கீழ் மன்ஹாட்டனிலும் குப்பைமேட்டிலும் தோணித்துறைகளிலும் பணியாற்றிய பொது மீட்புப் பணியாளருக்கு மூன்று அளவுகோல்கள் உள்ளன. ஏதேனும் ஒன்று நிறைவேறினால் போதும். 2001 செப்டம்பர் 11 முதல் 14 வரை குறைந்தது 4 மணி நேரம். அல்லது செப்டம்பர் 11 முதல் 30 வரை குறைந்தது 24 மணி நேரம். அல்லது 2001 செப்டம்பர் 11 முதல் 2002 ஜூலை 31 வரை குறைந்தது 80 மணி நேரம். தூசி அடர்ந்திருந்த முதல் நான்கு நாட்களுக்கு நான்கே மணி நேரம் போதும் என்பதிலிருந்து இந்தக் கணக்கின் உட்பொருள் விளங்கும்.

மூன்று வரம்புகளும் ஒன்றை ஒன்று உள்ளடக்கியவை என்பதைப் புதியவர்கள் தவறவிடக் கூடாது. செப்டம்பர் 13 அன்று மூன்று மணி நேரம் மட்டுமே பணியாற்றியவர் முதல் அளவுகோலில் தோற்றாலும், அந்த மூன்று மணி நேரம் வீணாவதில்லை. மாத முடிவுக்குள் இன்னும் 21 மணி நேரம் பணியாற்றியிருந்தால் இரண்டாவது அளவுகோல் நிறைவேறிவிடும். அக்டோபரில்தான் வந்தேன் என்பவருக்கு எட்டு மணி நேர முறைப்பணி பத்து இருந்தால் 80 மணி நேரம் ஆகிவிடுகிறது. ஆகவே 'எத்தனை நாள் வேலை செய்தீர்கள்?' என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், ஒரு முறைப்பணி எத்தனை மணி நேரம், வாரத்துக்கு எத்தனை முறைப்பணி என்று கேட்டு, ஒரு தாளில் தேதிவாரியாகக் கட்டம் போட்டுக் கூட்டுங்கள். அந்தத் தாளை விண்ணப்பத்துடனே இணைத்தால் பரிசீலிப்பவருக்கும் வேலை எளிதாகும்.

சில பிரிவினருக்குத் தனிக் கணக்கு. நியூயார்க் தீயணைப்புத் துறையினருக்கு, பணியில் உள்ளவரோ ஓய்வு பெற்றவரோ, குறிப்பிட்ட இடங்களில் ஒரு நாள் பணியே போதும். காவல்துறையினருக்கும் துறைமுக ஆணையக் காவலருக்கும் கிரவுண்ட் ஜீரோ (வர்த்தக மையம் இருந்த இடம்), குப்பைமேடு, தோணித்துறை ஆகிய இடங்களில் ஒரு நாள் பணி தகுதி தரும். கீழ் மன்ஹாட்டனின் பிற பகுதிகளுக்கு மணிக்கணக்கு பொருந்தும். நியூயார்க்கையும் நியூ ஜெர்சியையும் இணைக்கும் பாத் ரயில் சுரங்கத்தைத் துப்புரவு செய்தவர்களுக்கு 2002 பிப்ரவரி 1 முதல் ஜூலை 1 வரை 24 மணி நேரம். உடல் எச்சங்களைக் கையாண்ட தலைமை மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தினருக்கும், மாசுபட்ட வண்டிகளைக் கழுவிப் பழுதுபார்த்தவர்களுக்கும் தனி வழிகள் உண்டு. வண்டி கழுவியவர்கள் தங்களை 'மீட்புப் பணியாளர்' என்று எண்ணிக்கொள்வதே இல்லை. நீங்கள்தான் கேட்டறிய வேண்டும்.

அதே நாளில் தாக்கப்பட்ட பென்டகனிலும், கடத்தப்பட்ட விமானம் விழுந்த பென்சில்வேனியாவின் ஷாங்க்ஸ்வில்லிலும் பணியாற்றியோருக்கு ஒரு நாள் போதும். ஆனால் முடிவுத் தேதி பென்டகனுக்கு 2001 நவம்பர் 19, ஷாங்க்ஸ்வில்லுக்கு அக்டோபர் 3. இவ்விரு இடங்களிலும் பணியாற்றிய ராணுவத்தினரும் பிற கூட்டரசு ஊழியர்களும் நெடுங்காலம் வெளியே நிற்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் நிறைவேறிய பாதுகாப்புத் துறைச் சட்டத்தின் வழியாக அவர்களுக்கும் வாசல் திறந்தது. அதற்கு முன் மறுக்கப்பட்டவர் உங்களிடம் வந்தால் பழைய மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு எழுத உட்காராதீர்கள். புதிதாக விண்ணப்பிக்கச் செய்யுங்கள்.

பிழைத்தோருக்கு வழிகள் பல. செப்டம்பர் 11 அன்று தூசிமேகத்தில் இருந்தது ஒரு வழி. 2002 ஜனவரி 10க்குள் குறைந்தது 4 நாட்கள், அல்லது 2002 ஜூலை 31க்குள் குறைந்தது 30 நாட்கள் அந்தப் பகுதியில் வசித்தது, வேலை செய்தது, பள்ளிக்கோ குழந்தைகள் காப்பகத்துக்கோ சென்றது இன்னொரு வழி. அன்று காப்பகத்தில் விடப்பட்டிருந்த குழந்தைகள் இன்று வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். தமக்கும் தகுதி உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாமலேயே இருக்கலாம்.

சான்றாவணங்கள்

கட்டாயமாக இந்தத் தாள்தான் வேண்டும் என்று விதி சொல்லவில்லை. மீட்புப் பணியாளருக்குச் சம்பளச் சீட்டு, பணியாளர் பெயர்ப்பட்டியல், களத்துக்குள் நுழைய வழங்கப்பட்ட அடையாள அட்டை, பொய்ச்சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டு முதலாளியோ வேறொருவரோ கையெழுத்திட்ட எழுத்துமூல வாக்குமூலம் ஆகியவை ஏற்கப்படும். பிழைத்தோருக்கு வாடகை ஒப்பந்தம், மின்சார, எரிவாயுக் கட்டணச் சீட்டு, பள்ளி வருகைப் பட்டியல் போன்றவை.

எந்தத் தாளும் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? ஓர் எடுத்துக்காட்டாக, அலுவலகக் கட்டடங்களின் தூசியைத் துடைக்க அன்றாடக் கூலிக்கு அழைத்துச் செல்லப்பட்டு, ரொக்கமாகச் சம்பளம் வாங்கிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவரை அழைத்துப் போன ஒப்பந்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. இத்தகையவர்களை விதி கைவிடவில்லை: தாளைப் பெற என்னென்ன முயற்சி செய்தார், அவை ஏன் பலிக்கவில்லை என்பதை எழுத்தில் விளக்கி, தகுதி நிபந்தனைகளைத் தாம் நிறைவேற்றுவதாகப் பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டு உறுதியளிக்க வேண்டும். இந்த விளக்கத்தில் 'ஆவணம் இல்லை' என்ற ஒற்றை வரி பயன் தராது. எந்த நிறுவனத்துக்கு எந்த மாதம் கடிதம் எழுதினார், கடிதம் திரும்பி வந்ததா, உடன் வேலை செய்தவர்கள் யாரையேனும் தேடினாரா, வரிக் கணக்கில் தடம் உண்டா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். உடன் பணியாற்றியவர் வாக்குமூலம் தருவதானால், 'இவர் என்னுடன் இருந்தார்' என்பதோடு நிறுத்தாமல், எந்தத் தெருவில், எந்த வாரத்தில், காலை எத்தனை மணி முதல் மாலை எத்தனை மணி வரை, என்ன வேலை என்பதையும் அவரே தம் சொற்களில் எழுத வேண்டும். இருவர் வாக்குமூலமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் இரண்டுக்குமே மதிப்புக் குறையும். விண்ணப்பதாரருக்கு நினைவில்லாத தேதியை நீங்கள் ஊகித்து நிரப்பவே கூடாது; தண்டனைக்கு உட்பட்டுக் கையெழுத்திடுபவர் அவர், நீங்கள் அல்லர்.

குடியுரிமை இத்திட்டத்தின் தகுதி நிபந்தனை அன்று. துப்புரவுக்கும் இடிப்புக்கும் சென்றவர்களில் குடியேறியவர்கள் ஏராளம் என்பதால் இதை மேசையில் அமர்ந்ததுமே சொல்லிவிடுவது நல்லது. பாதிப் பேருடைய தயக்கம் அங்கேயே தீரும்.

விண்ணப்பம் சென்றபின்

விண்ணப்பம் கிடைத்த 60 நாட்களுக்குள் முடிவோ, குறை சுட்டும் கடிதமோ வர வேண்டும். குறையை நிரப்ப விண்ணப்பதாரர் எடுத்துக்கொள்ளும் நாட்கள் அந்த அறுபதில் சேர்வதில்லை. ஆகவே குறைக் கடிதம் வந்ததும் அதைத் தள்ளிப்போட்டால் காலம் நீள்வதற்கு நாமே காரணமாகிறோம். சேர்க்கை மறுக்கப்படக் காரணங்கள் மூன்றே: தகுதி நிபந்தனை நிறைவேறவில்லை என்பது, சட்டம் வைத்த எண்ணிக்கை வரம்பு நிரம்பிவிட்டது என்பது, கூட்டரசின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் பெயர் இருப்பது. மேசைக்கு வரும் மறுப்புகளில் நீங்கள் வாதிடக்கூடியது முதல் காரணத்தைத்தான்.

இன்னொரு குழப்பத்தை இங்கேயே தெளிவாக்கிவிட வேண்டும். நீதித்துறை நடத்தும் செப்டம்பர் 11 பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டு நிதி வேறு. இந்த மருத்துவத் திட்டம் வேறு. ஒன்றில் சேர்ந்தால் மற்றொன்றில் தானாகப் பதிவாகிவிடாது. இறந்தவரை மருத்துவத் திட்டத்தில் சேர்க்க முடியாது. அவருடைய குடும்பத்தார் நாட வேண்டியது இழப்பீட்டு நிதியையே.

மறுப்புக் கடிதம் வந்தால்

முதலில் அது எந்த வகை மறுப்பு என்று பாருங்கள். சேர்க்கை மறுப்பும், சேர்ந்தவரைப் பின்னர் நீக்கும் முடிவும் 88.14ஆம் பிரிவில் வருகின்றன. நோய்க்குச் சான்றளிக்க மறுத்தல், அளித்த சான்றை நீக்குதல், குறிப்பிட்ட சிகிச்சைக்கு ஒப்புதல் மறுத்தல் ஆகியவை 88.21ஆம் பிரிவில் வருகின்றன. முதல் வகைக்கு இடமும் நேரமும் சான்று. இரண்டாம் வகைக்கு மருத்துவம் சான்று. சேர்க்கை மறுக்கப்பட்டவருக்காக நுரையீரல் படத்தை அனுப்புவதும், சான்றளிப்பு மறுக்கப்பட்டவருக்காகப் பழைய அடையாள அட்டையை அனுப்புவதும் ஒரே வகைப் பிழை.

இருவகைக்கும் கெடு 120 நாட்கள். அது கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து அன்று, கடிதத்தில் இட்ட தேதியிலிருந்து எண்ணப்படும். விடுமுறை நாட்களும் சேரும். 'நான்கு மாதம்' என்று மனக்கணக்குப் போடாதீர்கள். மார்ச் 3 தேதியிட்ட கடிதத்துக்கு 120ஆம் நாள் ஜூலை 1. நான்கு மாதம் என்று ஜூலை 3 வரை காத்திருந்தவர் இரண்டு நாளில் வாய்ப்பை இழக்கிறார். உறையின் மேல் விழும் அஞ்சல் முத்திரைத் தேதியே கணக்கு. மறுப்புக் கடிதம் வந்த அன்றே அதன் மேல்மூலையில் கெடு நாளைச் சிவப்பு மையால் எழுதிவைக்கும் பழக்கம் எந்தக் கணினி நினைவூட்டலையும் விட நம்பகமானது என்பது என் கருத்து.

மேல்முறையீட்டுக் கடிதம் விண்ணப்பதாரராலோ அவர் எழுத்துமூலம் நியமித்த பிரதிநிதியாலோ கையெழுத்திடப்பட வேண்டும். ஒரே நேரத்தில் ஒரு பிரதிநிதிதான் இருக்கலாம். கூட்டரசு ஊழியர் பிரதிநிதியாவதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. நியமனத் தாள் இல்லாமல் சங்கத் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தைத் திட்டம் ஏற்க இயலாது.

கடிதத்தில் இருக்க வேண்டியவை இரண்டு: எந்த முடிவை எதிர்க்கிறீர்கள், அது ஏன் தவறு. இந்த 'ஏன்' என்பதில்தான் கடிதத்தின் உயிர் இருக்கிறது. அந்த நாட்களின் கொடுமையைப் பத்துப் பக்கம் எழுதி, கடைசி வரியில் 'ஆகவே கருணையோடு மறுபரிசீலனை செய்யுங்கள்' என்று முடிக்கும் கடிதம் பரிசீலிப்பவரைக் கலங்கச் செய்யலாம். ஆனால் அவர் கையில் முடிவை மாற்றுவதற்கு ஒன்றும் கொடுப்பதில்லை. மறுப்புக் கடிதம் சொன்ன காரணத்தை அப்படியே எடுத்து எழுதி, அதற்கு நேர் எதிரே உங்கள் பதிலை வையுங்கள். 'செப்டம்பர் 11 முதல் 30 வரை 24 மணி நேரம் பணியாற்றியதற்குச் சான்றில்லை என்கிறது கடிதம். இணைத்துள்ள இரு வாக்குமூலங்களும் செப்டம்பர் 17, 18, 20 ஆகிய நாட்களில் கனால் தெருவுக்குத் தெற்கே எட்டு மணி நேரம் வீதம் பணியாற்றியதைக் காட்டுகின்றன' என்பது போதும். உண்மையைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள், உள்ள தகவல்களின் அடிப்படையில் முடிவு நியாயமற்றது, விதிக்குத் தவறான பொருள் கொண்டார்கள் என்ற மூன்றில் உங்கள் வாதம் எது என்பதை எழுதத் தொடங்குமுன் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் சென்றதும் திட்டத்தைச் சாராத கூட்டரசு அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டு, கோப்பையும் புதிதாக இணைத்தவற்றையும் ஆராய்ந்து பரிந்துரை தருகிறார். இறுதி முடிவை எடுப்பவர் திட்டத்தின் நிர்வாகி.

நோய்ச் சான்றளிப்பு மறுக்கப்பட்டால்

இது மருத்துவர் இல்லாமல் நடக்கும் வேலை அன்று. சான்றளிப்புக்கு இரண்டு கேள்விகள்: நோய் பட்டியலில் இருக்கிறதா, அன்றைய தூசிக்கு ஆட்பட்டது அந்நோயை உண்டாக்கியதில், வளர்த்ததில், மோசமாக்கியதில் குறிப்பிடத்தக்க பங்கு வகித்திருக்கப் பெரிதும் வாய்ப்பு உண்டா. இரண்டாவதைத் திட்டத்தின் மருத்துவர் தீர்மானித்து அனுப்ப, நிர்வாகி சான்றளிக்கிறார்.

பட்டியலில் இல்லாத நோய்க்காக மேல்முறையீடு எழுதுவது வீண் உழைப்பு. அதற்கு வழி, அந்த நோயைப் பட்டியலில் சேர்க்கக் கோரும் மனு. அது ஒருவருக்கான தீர்வு அன்று. அறிவியல் சான்றுகளைத் திரட்டி நடக்கும் நீண்ட வேலை. புற்றுநோய்கள் 2012இல்தான் பட்டியலுக்குள் வந்தன. கருப்பைப் புற்றுநோய் 2023 ஜனவரியில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் மறுக்கப்பட்ட கருப்பைப் புற்றுநோயாளி யாரேனும் பழைய கடிதத்துடன் வந்தால் உடனே திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்பி வையுங்கள்.

புற்றுநோய்க்குக் குறைந்தபட்ச இடைவெளிக் காலம் ஒன்றும் உண்டு. முதன்முதலில் தூசிக்கு ஆட்பட்ட நாளுக்கும் நோய் கண்டறியப்பட்ட நாளுக்கும் இடையே, திடக் கட்டிகளுக்கு 4 ஆண்டுகள், தைராய்டுக்கு 2.5 ஆண்டுகள், உள்ளுறுப்புகளின் உறையில் வரும் மீசோதீலியோமாவுக்கு 11 ஆண்டுகள், குழந்தைப்பருவப் புற்றுநோய்க்கு 1 ஆண்டு, ரத்தப் புற்றுநோய் வகைகளுக்கு 0.4 ஆண்டு கழிந்திருக்க வேண்டும். மறுப்பு இதன்பேரில் வந்திருந்தால் கண்டறிந்த தேதியைச் சரிபாருங்கள். திசு ஆய்வின் தேதிக்குப் பதில் வேறொரு தேதி கோப்பில் ஏறியிருந்தால் அந்த ஒன்றைத் திருத்துவதே மேல்முறையீட்டின் முழு உள்ளடக்கமாகலாம். களத்தில் பட்ட காயத்துக்கு 2003 செப்டம்பர் 11க்குள் சிகிச்சை பெற்றதற்கான பதிவு தேவை. முதுகுவலி போன்ற தசை, எலும்பு நோய்களுக்கும் அதே வரம்பு, அதுவும் மீட்புப் பணியாளருக்கு மட்டுமே. பழைய மருத்துவமனைப் பதிவுகள் அழிக்கப்பட்டிருக்கலாம். தொழிலாளர் இழப்பீட்டு வழக்கின் கோப்பில் அவற்றின் நகல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இவ்வகை மேல்முறையீட்டில் ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு: தொலைபேசி வழியாக 15 நிமிடம் வாய்மொழியாக எடுத்துரைக்கலாம். அந்த விருப்பத்தை மேல்முறையீட்டுக் கடிதத்திலேயே தெரிவித்துவிட வேண்டும். பதினைந்து நிமிடம் கேட்கும்போது நீளமாகத் தோன்றும். உணர்ச்சி மேலிட்டுப் பேசும்போது முதல் காரணத்தைச் சொல்வதற்குள்ளேயே முடிந்துவிடும். எனவே முன்கூட்டியே எழுதிக் கடிகாரம் வைத்து ஒத்திகை பார்க்கச் செய்யுங்கள்.

இறுதி முடிவும் எதிராக வந்தால், நிர்வாகி எந்த நேரத்திலும் தம் இறுதி முடிவைத் திரும்பத் திறந்து மாற்றலாம் என்று 88.25ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அது அவருடைய அதிகாரமே தவிர விண்ணப்பதாரரின் உரிமை அன்று. சேர்க்கை மறுக்கப்பட்டவருக்குப் புதிய சான்று கிடைத்தால் புதிய விண்ணப்பமே நேரான வழி. ஆகவே மறுக்கப்பட்டவரின் கோப்பை மூடி அலமாரியில் வைக்கும்போது, தேதிவாரிக் கட்டத்தாள், வாக்குமூலங்களின் நகல்கள், அஞ்சல் ரசீது, மறுப்புக் கடிதம் ஆகியவற்றை ஒரே உறையில் இட்டு, எந்தத் தாள் குறைந்தது என்பதை அதன் முகப்பில் ஒரு வரியில் எழுதிவையுங்கள். அதே களத்தில் பணியாற்றிய இன்னொருவர் பிறகு ஒரு நாள் தம் பழைய பணியாளர் பெயர்ப்பட்டியலுடன் வரும்போது, அந்த உறையைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.